ஐந்து சதமும் வீழிமிழலைக் காசும்

(வெள்ளிக்கிழமைப் பூசையின் பின் ஆலய மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு, அடியார்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

சிவமயம்



இன்று பெரியபுராணத்தில் தொடர்ந்து சொல்லிவந்த இடத்திலிருந்து சற்று விலகிப் பேச வேண்டியிருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். சென்ற இரண்டு வெள்ளிக்கிழமைகளாக அர்ச்சனைச் சிட்டு எழுதும் மேசையடியில் நடந்த வாக்குவாதம் அது. அர்ச்சனைத் தட்டில் இருந்து தேங்காய், பழம், வெற்றிலை ஆகியவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக இதுவரை ஆலயம் பிளாஸ்ரிக் பை கொடுத்து வந்தது. நிர்வாக சபையார் அதை நிறுத்திவிட்டுக் கடதாசிப் பை வைத்து, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியையும் வைத்து, "பை தேவைப்படுவோர் 25 சதம் இடவும்" என்று எழுதி ஒட்டினார்கள். "கடையிலதான் பைக்குக் காசு எண்டால் கோயிலிலயுமோ?" என்று ஓர் அம்மா கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே கேட்டார்கள். வரிசை நீண்டது. பூசை மணி அடித்ததுகூடச் சிலருக்குக் கேட்கவில்லை.

அடியேன் அப்போது தூணடியில் நின்று, "இந்தச் சின்னக் காசுக்கு இவ்வளவு சத்தமா" என்று மனத்துக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என்னுடைய கதையையே கேளுங்கள். 2009 ஆம் ஆண்டு தை மாதம். அந்தக் காலத்தில் இங்கே மொன்றியலில் பைக்குச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. பெரிய உணவுக் கடைகள் சில தாமாகவே பைக்கு ஐந்து சதம் கேட்கத் தொடங்கியிருந்தன. பணம் வாங்கும் பிள்ளை "ஸாக்?" என்று கேட்டாள். பை வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்கிறாள். ஐந்து சதம் என்றாள். இருபது வருடமாக இந்தக் கடைக்கு வருகிறேன், எனக்கே பைக்குக் காசா என்று ஒரு கோபம் வந்ததே! "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பால், பாண், ஒரு டசின் முட்டை எல்லாவற்றையும் கையில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் உறைபனி. வழுக்கியது. நான் விழவில்லை, முட்டை விழுந்தது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இந்தச் சந்நிதானத்தில் சொல்ல முடியாது.

ஆகவே பைக்காகக் கோபப்படுபவர்களைப் பற்றிப் பேசுகிறபோது, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை மனத்திலே வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இந்தக் கோபம் நம் தமிழ்ச் சனத்துக்கு மாத்திரம் உரியதல்ல. ரொறன்ரோவில் உங்கள் உறவினர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே நகரசபை 2009 ஜூன் 1 ஆம் திகதி முதல் எல்லாக் கடைகளிலும் பிளாஸ்ரிக் பைக்கு ஐந்து சதம் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பை பாவிப்பது பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் மனக்குறை குறையவில்லை, ஏனென்றால் அந்தக் காசு நகரசபைக்குப் போகவில்லை; கடைக்காரரின் பெட்டிக்கே போயிற்று. "சுற்றாடலின் பேரால் கடைக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே அடியேன் நினைக்கிறேன். 2012 ஜூன் மாதம் அந்தக் கட்டணத்தை எடுத்துவிடலாமா என்று விவாதிக்கக் கூடிய சபை, யாரும் எதிர்பாராதபடி, கட்டணத்தை எடுத்ததோடு நில்லாமல் பையையே தடைசெய்வதாகவும் தீர்மானித்தது! ஜூலை 1 ஆம் திகதியோடு கட்டணம் போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையையும் சபையே திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டணமும் இல்லை, தடையும் இல்லை என்று ஆயிற்று.

நம்முடைய மொன்றியல் வேறு வழியில் போயிற்று. 2018 ஜனவரி 1 ஆம் திகதி முதல் 50 மைக்ரோனுக்குக் குறைந்த மெல்லிய பைகளைக் கடைகள் கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கனடாவின் பெரிய நகரங்களில் இதுவே முதல். கடைகள் என்ன செய்தன? கொஞ்சம் தடித்த பையை அடித்து விற்றன. மெல்லிய பையை ஒரு தரம் பாவித்து எறிந்தவர்கள் தடித்த பையையும் ஒரு தரம் பாவித்து எறிந்தார்கள். சட்டத்திலே ஒரு சிறு துவாரம் இருந்தால் மனம் அதற்குள்ளால் எப்படி நுழைந்துவிடுகிறது பாருங்கள்! கடைசியில் 2022 செப்டெம்பர் 27 ஆம் திகதி முதல், தடிப்பு எவ்வளவாக இருந்தாலும் பிளாஸ்ரிக் சொப்பிங் பையே கொடுக்கக்கூடாது என்று ஆயிற்று. கோயில் மேசைக்கு ஒருவரும் வந்து தண்டம் விதிக்கப்போவதில்லை. நிர்வாக சபையார் தாமாகவே இந்த முடிவை எடுத்தார்கள்.

கட்டணம் என்றால் சண்டைதான் என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்து தேசத்தில் 2002 மார்ச் மாதம் அரசாங்கமே ஒரு பைக்கு 15 யூரோ சதம் வரி விதித்தது. அதுவரை ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 328 பை என்று இருந்தது, வரி வந்த பின் 21 ஆக விழுந்தது. 2007 இல் வரியை 22 சதமாக உயர்த்தினார்கள். வந்த பணம் சுற்றாடலுக்கென்று வைத்த தனி நிதியத்துக்குப் போயிற்று. ஐரோப்பாவிலேயே மக்கள் மிகவும் விரும்பும் வரி இதுதானோ என்று ஆய்வாளர்கள் கேட்டு எழுதும் அளவுக்கு அங்கே அது பழகிவிட்டது. காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் மனம் ஓரளவு ஆறும் போலும். நம்முடைய தகரப் பெட்டிக்கும் இது பொருந்தும். நிர்வாக சபையார் கவனிக்க வேண்டும்.

இனி நம்முடைய புராணத்துக்கு வருவோம்.

சோழநாட்டிலே திருவீழிமிழலை என்று ஒரு தலம். அப்பர் சுவாமிகளும் ஞானசம்பந்தப் பிள்ளையாரும் அங்கே தங்கியிருந்த காலத்தில் நாட்டிலே கடும் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடக்கூடாதென்று எம்பெருமான் திருவுளங்கொண்டு, இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு பீடத்திலே வைத்தருளினார். அந்தக் காசை மாற்றிப் பண்டம் வாங்கி இருவருடைய மடத்திலும் அன்னதானம் நடந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அப்பர் சுவாமிகளின் மடத்திலே வேளைக்குச் சோறு. சம்பந்தர் மடத்திலே நாள்தோறும் நேரம் பிந்துகிறது. ஏனென்று பிள்ளையார் விசாரித்தார். "சுவாமி, அவருக்குக் கிடைக்கும் காசை வணிகர் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். தங்களுக்குக் கிடைக்கும் காசுக்கு வட்டம் கேட்கிறார்கள்" என்று சமையற்காரர் சொன்னார்கள். வட்டம் என்றால் காசின் பெறுமதியில் கழிவு. பழந்தமிழில் அதை வாசி என்பார்கள்.

இறைவன் கொடுத்த காசிலும் கழிவு! சம்பந்தப் பிள்ளையார் என்ன செய்தார்? "சின்ன விடயம், போகட்டும்" என்று விடவில்லை. வாசியைத் தீர்த்துத் தரும்படி ஒரு பதிகம் பாடி எம்பெருமானிடமே கேட்டார். மறுநாள் முதல் நல்ல காசு கிடைத்தது. காசிலே ஒரு சிறு குறையைக் கண்டு கேட்பது பாவம் என்று நம் சமயம் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மேசையடியில் கேள்வி கேட்ட அம்மாவை "கஞ்சத்தனம்" என்று முணுமுணுத்தவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்பர் சுவாமிகளின் காசுக்கு ஏன் வாசி இல்லை? பெரியோர் சொல்லும் காரணம் இது: அவர் கையிலே உழவாரம் ஏந்தி, கோயில் வீதிகளில் புல் செதுக்கி, குப்பை அகற்றி, உடம்பால் தொண்டு செய்தவர். சம்பந்தர் இறைவனுக்குப் பிள்ளை. பிள்ளைக்குக் கொடுப்பது வேறு, உழைத்தவருக்குக் கொடுப்பது வேறு. நாவுக்கரசர் என்று பட்டம் பெற்றவர், தள்ளாத வயதிலும் குப்பை கூட்டினார் என்பதை நாம் பாடமாக்கி ஒப்புவிக்கிறோம். அவருடைய வீதியில் கிடந்த குப்பை புல்லும் சருகும். மழையிலே நனைந்து மண்ணாகிவிடும். இன்று அவர் உழவாரத்தோடு வந்தால், சித்திரைத் தேருக்குப் பிறகு நம் வாகனத் தரிப்பிடத்தில் எதைச் செதுக்குவார் என்று நினைக்கவே வெட்கமாயிருக்கிறது.

இப்போது மறுபக்கம். கோபப்படாமல் 25 சதத்தைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குச் சற்று அதிகம் கவலை. இஸ்ரேல் தேசத்து ஹைஃபா நகரத்தில் சில பிள்ளை பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிச் செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டப் பணம் விதித்துப் பார்த்தார்கள். பிந்தி வருவது குறையவில்லை, கூடிவிட்டது! முன்பு "ஆசிரியை காத்திருக்கிறாளே" என்று கூசியவர்கள், இப்போது "காசு கட்டுகிறோம்தானே" என்று ஆறுதலாக வந்தார்கள். பிறகு தண்டத்தை நிறுத்தியும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய பரிகாரங்கள்தான் நினைவுக்கு வந்தன. சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கிறோம். கிரகதோஷத்துக்குச் சாந்தி செய்கிறோம். செய்துவிட்டு வாசலில் செருப்பைப் போடும்போதே பழைய கோபம், பழைய புறங்கூறல். சிட்டுக்குக் கட்டிய காசு நம்முடைய கணக்கைத் தீர்த்துவிட்டது என்று எண்ணம். பரிகாரம் தவறென்று சொல்லவில்லை. மனம் அசையாமல் கை மாத்திரம் காசைப் போடுமானால் அது கடையில் பை வாங்குவது போன்ற காரியந்தான்.

அர்ச்சனைக்குமுன் குருக்கள் ஐயா என்ன செய்கிறார்? பெயர் கேட்கிறார், நட்சத்திரம் கேட்கிறார், சங்கற்பம் செய்விக்கிறார். "இன்னார், இந்த இடத்தில், இந்த நாளில், இதை வேண்டிச் செய்கிறேன்" என்று மனத்தை ஒரு கணம் நிறுத்தி வைப்பது சங்கற்பம். சங்கற்பம் இல்லாத பூசை வெறும் கைவேலை. கடையிலே அந்தப் பிள்ளை "ஸாக்?" என்று கேட்டாளே, அதற்கு முன்பு ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காமலே பையை விரித்துச் சாமானைப் போடுவார்கள். நானும் நினையாமலே தூக்கிக்கொண்டு வருவேன். ஐந்து சதம் செய்த வேலை அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததுதான் என்று முட்டை உடைந்து பல வருடங்களுக்குப் பிறகே எனக்கு விளங்கியது.

கேட்காமல் எடுத்த பை எங்கே போகிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். கோபூசை நாளில் பசுவைச் சுற்றி வந்து வாலைத் தொட்டுக் கும்பிடுகிறோம். 2021 ஆம் ஆண்டு இந்தியாவில் ஃபரிதாபாத் என்ற நகரத்தில் தெருவில் திரிந்த ஒரு கர்ப்பிணிப் பசுவின் வயிற்றை மிருக வைத்தியர்கள் அறுத்து 71 கிலோ குப்பை எடுத்தார்கள். பெரும்பகுதி பிளாஸ்ரிக். கன்றும் பிழைக்கவில்லை, தாயும் பிழைக்கவில்லை. தோலும் மிச்சச் சோறும் கட்டி எறியப்பட்ட பையை அது முடிச்சோடு விழுங்குகிறது. சாணமாய் வெளியேறாது, செரிக்கவும் மாட்டாது. பாற்கடலில் எழுந்த நஞ்சை எம்பெருமான் உண்டு கண்டத்தில் நிறுத்தினார் என்று பாடுகிறோம். இந்த நஞ்சை வாயில்லாச் சீவன் அல்லவா உண்கிறது.

நம் தாய்நாட்டையும் நினையுங்கள். 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரை வருடப் பிறப்பன்று, கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீனுக்கும் சோறு சுற்றும் தாளுக்கும் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் அங்கேயும் கடைகளில் பொலித்தீன் பை இலவசமில்லை. விலையைச் சிட்டையில் காட்டவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசெம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம். ஒருகாலத்தில் மஞ்சப்பையோடு வருபவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர் அது.

துணிப் பை என்றவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். டென்மார்க் அரசு 2018 இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்றைக் காலநிலைக் கணக்கில் மாத்திரம் பார்த்தால் 52 தரமாவது பாவிக்க வேண்டும். எல்லாத் தீங்கையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தரம்! பருத்திக்குத் தண்ணீர், உரம், மருந்து எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் அந்தப் பைக்குள் இருக்கிறது. கும்பாபிஷேகம், தேர், கல்யாணம், பூப்புனித நீராட்டு என்று படம் அச்சடித்த துணிப் பைகள் நம் வீடுகளில் எத்தனை கிடக்கின்றன? என் வீட்டில் எண்ணினேன், பத்தொன்பது. அதில் பதினாறு ஒருநாளும் கடைக்குப் போனதில்லை. பிளாஸ்ரிக் பையைக் கண்டுபிடித்தவர் சுவீடன் தேசத்து ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்பவர். 1960 களில், கடதாசிப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து, பலதரம் பாவிக்கக்கூடிய ஒன்றாகவே அதைச் செய்தார் என்றும், தம் சட்டைப்பையில் ஒன்றை எப்போதும் மடித்து வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தவரே மடித்து வைத்துக்கொண்டதை நாம்தான் எறிந்தோம்.

இனி அந்த அம்மாவைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன், அவர் அனுமதித்தபடியால் விடயத்தை மாத்திரம் சொல்கிறேன்.

சென்ற வெள்ளி பூசை முடிந்து அவர் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், நீங்கள் சிரிச்சதைக் கண்டனான்" என்றார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. "கால் டொலரில்லை என்ர பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு. உங்களில் பலர் நடந்தவர்கள். செம்மணி வெளி, மழை, நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு ஒரு தரம் நின்று நின்று நகர்ந்த சனம். அந்த அம்மாவின் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள்ளே பால்மா, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தாலிக்கொடி. உமலும் கடகமும் நனைந்து ஊறிப்போயின, அந்த ஒரு பைக்குள் மாத்திரம் ஈரம் போகவில்லை. பிறகு கைதடியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்த நாட்களில் அந்தப் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு மறுபடி பாவித்தாராம். "அதுக்குப் பிறகு ஒரு பையையும் எறிய எனக்குக் கை வராது. கனடாவுக்கு வந்து இவ்வளவு காலம், வந்த பை எல்லாத்தையும் மடிச்சு வைச்சிருக்கிறன். பிள்ளையள் குப்பை சேர்க்கிறன் எண்டு பேசுதுகள். கோயிலில தாற பை எண்டால் சாமி தந்தது மாதிரி. அதை நிப்பாட்டிப்போட்டுப் பெட்டி வைச்சால் எனக்கு எப்பிடி இருக்கும்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. பை எறியாதே என்று நாம் இன்றைக்கு உபதேசம் செய்கிறோம். முப்பது வருடமாக ஒன்றுகூட எறியாதவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரைத்தான் நான் சிரித்தேன். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவரிடம் சொன்னேன், இப்போது கேட்டுவிட்டேன்.

நேற்று மாலை அவருடைய மகன், அன்று இடுப்பில் இருந்த அதே பிள்ளை, வாகனத்தில் இரண்டு பெரிய கடதாசிப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையடியில் இறக்கிவிட்டுப் போனான். உள்ளே பிளாஸ்ரிக் பைகள். எல்லாம் கழுவி, முக்கோணமாய் மடித்து, அளவுக்கேற்றபடி கட்டுக்கட்டாக. மேலே ஒரு துண்டில், "பை கொண்டுவராத ஆக்களுக்குக் குடுங்கோ. காசு வாங்க வேண்டாம். திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தது.

இதை என்ன செய்வதென்று நிர்வாக சபையாருக்குள் ஒருமித்த கருத்து இன்னும் இல்லை. தகரப் பெட்டி இருக்கும் இடத்தில் இதையும் வைப்பதா, பெட்டியை எடுத்துவிடுவதா, பெட்டிப் பணத்தை வாகனத் தரிப்பிடம் துப்புரவு செய்யும் இளைஞர் குழுவுக்குக் கொடுப்பதா என்று பேச்சு நடக்கிறது. வரும் பொதுக்கூட்டத்தில் இது நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. அடியார்கள் வந்து சொல்லலாம். அதுவரை அந்தப் பெட்டிகள் இரண்டும் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். எடுப்பவர்கள் மடிப்பைக் கலைக்காமல் மேலிருந்து எடுக்கவும்.

திருச்சிற்றம்பலம்